வாய் வைக்காத சாமிதுரை

சாமிதுரை எதிலும் வாய் வைத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. தண்ணீர், டீ, மோர், பிராந்தி எதுவானாலும் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வான். சட்டையில் ஒரு சொட்டு விழாது. நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் விருத்தாசலத்துக்குக் கூட்டிவந்து என் பீங்கான் பட்டறையில் சேர்த்தேன். அச்சில் களிமண் கூழ் ஊற்றுவதும், காய்ந்ததும் விளிம்பைச் சீவுவதும் அவன் வேலை. காலமெல்லாம் கப்பு செய்கிறவன், ஒரு கப்பிலும் உதடு பட்டதில்லை. கேட்டால், "எச்சப் பண்ணக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்குதுங்க" என்பான்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் குறை சொல்ல மாட்டான். சூளையிலிருந்து கப்பு கோணலாக வந்தாலும் "நல்லாத்தாங்க இருக்குது" என்பான். அவன் பெண்சாதி அன்பரசி என்னிடமே வந்து புலம்பியிருக்கிறாள்: "கொழம்புல உப்பு பாருய்யான்னா, கடலையே கொண்டாந்து ஊத்தினாலும் நல்லா இருக்குதுங்கிறாருங்க. இவரை வச்சிக்கிட்டு நான் எப்படிங்க சமைக்கிறது?"

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஜங்ஷனில் இறங்கி என் பேரைச் சொல்லிப் பாருங்கள், எந்த ஆட்டோக்காரனும் வழி கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து விடுவான். ஒருவர் தயவும் இல்லாமல் எழுப்பிய பட்டறை இது. இப்போது பொம்மை போகவில்லை, ஊறுகாய் ஜாடி போகவில்லை, வருஷத்தில் பாதி நாள் சூளை ஆறிக் கிடக்கிறது. அதனால்தான் புதுச்சேரியிலிருந்து சுபாஷினி கப்பு கேட்டு போன் செய்தபோது, பீர் சமாச்சாரம் என்றாலும் சரி என்றேன்.

சுபாஷினி சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிற பெண். அங்கே இன்னும் இரண்டு பேர் அப்படிக் காய்ச்சுகிறார்கள். மூவரும் சேர்ந்து ருசி பார்க்கும் விழா ஒன்று வைத்தார்கள். யாருடைய பீர் எப்படி இருக்கிறது என்று வந்தவர்கள் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பீங்கான் கப்பில் ஊற்றுவதா, கண்ணாடி கிளாஸிலா என்பதும் அன்றைக்கே முடிவாகும். கப்பு பிடித்துப்போனால் மூன்று கடைக்கும் நான்தான். சூளை வருஷம் பூரா எரியும்.

நான் குடிப்பதில்லை. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆகவே மாதிரிக் கப்பைச் சோதிக்க சாமிதுரைக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். நுரை அடங்கும்வரை காத்திருந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். நல்லாத்தான் இருக்கிறது என்றான். நம்பினேன்.

சாமிதுரையையும் கூட்டிக்கொண்டு விழாவுக்குப் போய்ப் பார்த்தால் பெரிய கூட்டம். ஒருவருடையது கோதுமை பீர், கலங்கலான மஞ்சள். இன்னொருவருடையது வறுத்த தானியத்தில் காய்ச்சியது, வரக்காப்பி நிறம். சுபாஷினியுடையதில் மாம்பழம் போட்டிருந்தது. ஆட்கள் மூக்கை விட்டு மோந்து, கொஞ்சம் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, "மொதல்ல வாழைப்பழ வாசம், அப்புறம் கிராம்பு" என்று பேசிக்கொண்டார்கள்.

"கப்பு செஞ்சவரு மொதல்ல சொல்லட்டும்" என்று சுபாஷினி எங்கள் கப்பில் ஊற்றி சாமிதுரையிடம் நீட்டினாள். "அடங்க விடாதீங்க, நுரையோட குடிக்கணும்."

அண்ணாந்தான். உயரத்திலிருந்து விழுந்த பீர் வாய்க்குள் பொங்கி மூக்கு வழியாக வந்தது. சட்டை நனைந்தது. கூட்டம் சிரித்தது.

"ஐயா, மேலேர்ந்து ஊத்துனா வாசனை எப்படித் தெரியும்? மூக்கால மோந்துக்கிட்டே குடிக்கணும்" என்றாள் சுபாஷினி.

"மூக்காலதாம்மா குடிச்சேன்" என்றான் இருமிக்கொண்டே.

மூன்றையும் குடிக்க வைத்து, எது நல்லா இருக்கிறது என்று கேட்டாள். மூணும் நல்லாத்தான் இருக்குது என்றான்.

"கோதுமைக்கும் கருப்புக்கும் வித்தியாசமே தெரியலையாங்க?"

"ஒண்ணு மஞ்சளு, ஒண்ணு கருப்புங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு அவளே கப்பை உதட்டில் வைத்தாள். முகம் மாறியது. "ஐயா, விளிம்பு ரொம்பத் தடிங்க. ஒதட்டுல செங்கல்ல வச்ச மாதிரி இருக்குது. பீரு நாக்குக்கு வர்றதுக்கு முன்னாடி மோவாயில வழியுது." மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மாதக் கடைசிக்குள் மெல்லிசாக ஒரு செட்டு அனுப்பச் சொன்னாள். வரவில்லையென்றால் கண்ணாடிதான்.

பஸ்ஸில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், நீதான விளிம்பு சீவுற? தடியா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"வாய வச்சாத்தான மொதலாளி தெரியும்."

"அப்ப வையேன்யா!"

"உங்க வூட்டுல யாருங்க வாய வச்சிக் குடிக்கிறாங்க?"

அதுவும் சரிதான். எங்கள் வீட்டிலும் அண்ணாந்துதான்.

மறுநாளே மெல்லிசாகச் சீவச் சொன்னேன். சுடாத பச்சைக் கப்பில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் சின்னச் சூளையில் சுட்டு எடுத்தோம். தண்ணீர் ஊற்றி வாய் வைக்கச் சொன்னால், உதடு கிட்டே போனதும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். நான் சத்தம் போட்டபிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு உறிஞ்சினான். மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"இது தடிங்க" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் அன்றோடு சரி. அடுத்த சூட்டில் வந்தது கீறுகிறது என்றான். அதற்கடுத்தது ஒதட்டுக்கு வழுக்குகிறது. இன்னொன்று காதைப் பிடித்தால் முன்னால் சாய்கிறது. சூளையில் காஸ் எரிகிறது, நாள் போகிறது, இவன் ஒவ்வொரு கப்பாக வாய் வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் நானே நல்லதாகப் பார்த்து ஒரு செட்டைப் பொறுக்கி வைக்கோல் வைத்துக் கட்டினேன். சாமிதுரையிடம் பார்சல் ஆபீசில் போடச் சொல்லிவிட்டு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

கெடு முடிந்து மறுநாள் திரும்பி வந்தால், பார்சல் பிரித்துக் கிடக்கிறது. சாமிதுரை நடுவில் உட்கார்ந்திருக்கிறான், கப்பு உதட்டில்.

"அனுப்பலயா?"

"இதையா அனுப்பறது மொதலாளி? நம்ம பேரு கெட்டுப்பூடும்."

சுபாஷினிக்குப் போன் போட்டேன். "நேத்தே கண்ணாடிக்குச் சொல்லிட்டோம் ஐயா. நீங்க வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்" என்றாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத நான் அவளிடம் கெஞ்சினேன். அவள் மரியாதையாகவே போனை வைத்தாள்.

நான் போட்ட கூச்சல் ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். அவன் அசையவில்லை. கப்பை என் பக்கம் நீட்டினான். "கோவப்படாம நீங்களே ஒரு தடவ வாய வச்சிப் பாருங்க."

பிடுங்கி வாயில் வைத்தேன். இடது பக்கம் தடியாகத்தான் இருந்தது. ஆர்டர் கைவிட்டுப் போன பிறகு அது சரியாக இருந்தால் என்ன, தப்பாக இருந்தால் என்ன? அந்த எரிச்சல் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.