டபுள் ஸ்பீடில் ஏற்றிய தாளங்கள்

எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட் கடை. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார். அந்த ஒரு தகுதியில் தன்னைச் சவுண்டு இன்ஜினீயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தேன். தொண்ணூற்றொன்றில் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு சீக்வென்சர் பெட்டி கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவுதான். தாளத்தை உள்ளே ஏற்றிவிட்டால், பட்டனை அமுக்கியதும் அதுவே வாசிக்கும். அதாவது, நான் வேண்டாம்.

இதை நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. "கொஞ்சம் கூட இருந்து தாளத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுபா" என்றார். கோடம்பாக்கத்து நண்பர் ஒருவரிடம் கம்ப்யூட்டரை இரண்டு நாள் இரவல் வாங்கியிருந்தார். எனக்கு நானே குழி வெட்ட வேண்டும். டீ மட்டும் அவர் வாங்கித் தருவார். பதினாறு தாளம் போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டவன் குழுவிலேயே நான் ஒருவன்தான். அந்தத் தலைக்கனம் போதாதா?

கம்ப்யூட்டரைக் கச்சேரிக்குத் தூக்கிப்போக முடியாது. ஜெனரேட்டர் கரண்டு சற்றே ஏறி இறங்கினாலும் மயங்கிவிடும். ஆகவே அதையும் பெட்டியையும் வயரால் இணைத்து, கம்ப்யூட்டரில் தாளம் ஓட ஓடப் பெட்டியில் பதிய வேண்டும். பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். நண்பரோ கம்ப்யூட்டரை எடுத்துப்போக வண்டியோடு வந்து நின்றுவிட்டார்.

"இன்னாபா, இன்னும் மொத பாட்டுலயே ஒக்காந்துகினு கீற, எயுந்திரு" என்று என்னை நகர்த்திவிட்டுத் தலைவர் உட்கார்ந்தார். அவசரக்கார வாடிக்கையாளருக்குக் கடையில் என்ன செய்வாரோ அதையே செய்தார். டபுள் ஸ்பீடு. கடையில் இரண்டு கேசட்டும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். வீட்டில் போட்டால் ஒழுங்காகப் பாடும். இங்கே கம்ப்யூட்டரின் வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கினார். பெட்டி தன் வேகத்திலேயே பதிந்துகொண்டது; திரும்பப் போட்டாலும் தாளம் இரட்டை வேகத்தில்தான் ஓடும். தாளம் தலைதெறிக்க ஓடியதைக் கேட்டும் அவர் அசரவில்லை. பதியும்போது கேசட்டும் கீச்சிடத்தானே செய்யும்? "பத்து வருசமா ஏத்திகினு கீறேன், எனக்குத் தெரியாதா" என்றார்.

எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே சொல்லவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் கல்யாண வரவேற்பில் மனுஷன் மானம் கப்பலேறட்டும், அப்புறம் என் காலில்தான் வந்து விழ வேண்டும் என்று காத்திருந்தேன். ஒரகடம் அப்போது வெறும் கூட்டு ரோடு. அங்கே டீக்கு வேன் நின்றபோதுகூட அவர் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று என் ட்ரம்ஸ் வேனின் பின்பக்கம் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நானும்.

பிள்ளையார் பாட்டு ஆரம்பித்தது. பெட்டி நான்கு கால் பாய்ச்சலில் ஓட, பாடகர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். கல்யாணப் பெண்ணே சிரித்துவிட்டாள். தலைவர் நிறுத்தி, மறுபடி போட்டார். மறுபடியும் அதே ஓட்டம். இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, வேன் பக்கம் கையைக் காட்டினார். ட்ரம்ஸைக் கொண்டுவந்து வாசித்திருந்தால் போதும், அந்தப் பெட்டி அவர் வீட்டுப் பரணுக்குப் போயிருக்கும்.

நான் மேடையேறினேன். அந்த ஆள் நாலு பேர் முன்னால் முழிப்பதை நான் பார்த்தாக வேண்டும். மைக்கில் விழும்படியாகவே, "இது கேசட் இல்லண்ணா. டெம்போவ, அதான் வேகத்த, பாதியாக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லி, ஒற்றை விரலால் நூற்றிருபதை அறுபதாக்கினேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தித்தித்தது. பெட்டி அட்சரம் பிசகாமல் வாசித்தது.

அடுத்த பாட்டுக்குத் தலைவர் தானே பாதியாக்கினார். சரியாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என் தோளைத் தட்டி, உண்மையான அன்போடு சொன்னார்:

"நீ போய்ச் சாப்புடுபா. பந்தி போட்டுட்டாங்க."