நான்தான் பேஷண்ட்

தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கும்போது முதுகில் சடக்கென்றது. கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே தூக்குகிற கேன்தான். ஐம்பத்து நான்கு வயதில் இது ஒரு பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். படுக்கையிலிருந்து எழவே முடியாமல் போனதும் மகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் அறைக்கு வெளியே முழுக்கப் பெண்கள். நர்ஸ் என் சீட்டை வாங்கிக்கொண்டு, "பேஷண்ட் எங்க சார்? வரச் சொல்லுங்க" என்றாள். நான்தான் என்றேன். பெஞ்சிலிருந்த வயதான அம்மாள் ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர் குடி, சிகரெட், பழைய மாத்திரைகள் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், அதே குரலில், "தாம்பத்தியம் எப்படி இருக்கு? ஆசை கொறைஞ்சிருக்கா?" என்றார். பக்கத்தில் மகள். அவள் போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கால்சியம் மாத்திரைகளோடு வீடு திரும்பினோம்.

மழைக்காலத்தில் வாசலில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இந்த முறை மனைவி கூட வந்தாள். டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ரொம்ப நாளாவே இல்லீங்க டாக்டர். என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படி நினைத்தது எனக்குத் தெரியும். என் உடம்பில்தான் குறை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்ததால், நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் மிகவும் குறைவு என்று வந்தது. ஆண்களின் எலும்புக்கும் ஹார்மோன்தான் பலம், அது வற்றினால் எலும்பும் தேயும் என்று டாக்டர் விளக்கினார். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே கண்டுபிடித்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

சிகிச்சையில் எலும்பு மெதுவாகத் தேறி வருகிறது. தோளில் தடவும் அந்த ஹார்மோன் ஜெல்லை மட்டும் எங்கள் தெருமுனைக் கடையில் கேட்க வாய் வருவதில்லை. தவளக்குப்பம் வரை போய் வாங்கி வருகிறேன்.

ஒருநாள் அடுக்களையில், "உன்னால இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஆறிடப்போவுது, சாப்பிடுங்க" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.