அண்ணன் படித்துக் காட்டிய ஆட்டுக் கதை

போன மாதம் என் அண்ணன் இறந்துபோனார்.

சிறு வயதில், கிள்ளான் நகரில் இருந்த எங்கள் வீட்டில், எனக்குத் தினமும் ஒரே கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவார். அவர் மகளுக்கு அதை வாங்கித் தரலாம் என்று இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன்.

தலைப்பு நினைவில்லை. குடை பிடித்த ஆடு ஒன்று, தொலைந்துபோன தங்கையைத் தேடி ரயிலேறிப் போகும். அது மட்டும் தெரியும்.

கடைக்கார அக்கா பொறுமையாகக் கேட்டார். "எழுதுனது யாரு?"

"தெரியலக்கா."

"உள்ள எழுத்தாவது எப்படி இருந்துச்சு?"

"எனக்கு அப்ப படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் குட்டி ஜன்னல் மாதிரி, மேலேர்ந்து கீழ வரிசையா இருக்கும்."



"அது சீன புக்கும்மா. உங்க அண்ணனுக்குச் சீனம் தெரியுமா?"

தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளின் பழைய புத்தகங்கள் எங்களுக்கு வரும். அண்ணன் படத்தைப் பார்த்துத் தானாகவே கதை சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டுக்குத் தங்கை இருந்ததே அவர் சொல்லித்தான்.

தங்கை கிடைத்தாளா என்பது எனக்கு மறந்துவிட்டது. இனி யாரிடமும் கேட்க முடியாது.

அண்ணன் மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு கலர் பென்சில் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

படிக்கத் தெரியாத புத்தகத்தை உங்களுக்கும் யாராவது படித்துக் காட்டியிருக்கிறார்களா? இந்த மோசடி எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்ததா என்று தெரிய வேண்டும்.