வேலியை மறந்த சொல்

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். என்னோடு வேலை பார்க்கும் டச்சுக்காரி ஒருநாள் தோட்டத்தைக் காட்டி, "எங்கள் பாஷையில் இது தொய்ன்" என்றாள். ஜெர்மன் சமையல்காரர் சிரித்துவிட்டு, தோட்டத்தைச் சுற்றியிருந்த வேலியைக் காட்டினார். "எங்களுக்கு அதுதான் ட்சவுன்" என்றார். இரண்டும் ஒரே சொல்தானாம். இங்கிலீஷ் டவுனும் அதே சொல் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அறைக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். மனுஷர் சொன்னது உண்மைதான். ஐஸ்லாந்தில் அது தூன், வீட்டை ஒட்டிய புல்வெளி.

ஆக, ஆதியில் இருந்தது ஒரு வளைப்பு. ஜெர்மன்காரர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்கள் உள்ளே முளைத்ததை எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மாட்டுப்புல் போதுமாயிருந்தது. இங்கிலீஷ்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். உள்ளே குடியேறி, ஊர் பெருத்ததும் வேலி என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார்கள். இந்தப் பங்கு பிரிப்பு எனக்கு வேடிக்கையாக இருந்தது, லீவில் சொந்த ஊரான கொல்லிமலைக்கு வரும்வரை.

மலையில் அரியூர் நாடு என்னும் எங்கள் பகுதியில், எங்கள் சாமைக் காட்டுக்குக் கீழே அகலமான பாறை ஒன்று உண்டு. அதுதான் ஆறு வீட்டுக்கும் களம். சாமையும் கேழ்வரகும் அங்கேதான் காயும், மாடு மிதிப்பதும் அங்கேதான். நான் வந்து சேர்ந்தபோது அறுத்த சாமைக் கட்டுகள் வாசலில் கிடந்தன. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. களத்தைச் சுற்றி முள்கம்பி. மலைக்குக் கீழே இருந்து வந்து, பக்கத்து நிலத்தைக் காட்டேஜ் கட்ட வாங்கிய கீழ்நாட்டுக்காரர் பாறையையும் சேர்த்து வளைத்திருந்தார்.

"யாருப்பா இதைக் கட்டுனது?"

அப்பா கீழே பார்த்தார். "நாங்கதான் கண்ணு."

எங்கள் ஊரில் யார் எதைக் கட்டினாலும் வீட்டுக்கு ஒருவர் ஒருநாள் போய்க் கைகொடுக்க வேண்டும். கூலி கிடையாது, சோறு உண்டு. புதிதாக வந்தவர் வேலி போடுகிறார் என்றதும் ஆறு வீட்டு ஆண்களும் கடப்பாரையோடு போய்விட்டார்கள். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கம்பி எங்கே சுற்றிக்கொண்டு போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வேலி என்றால் காட்டுப்பன்றிக்கு. மனுஷனுக்கும் வேலி போடுவார்கள் என்ற நினைப்பே இவர்களுக்கு வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

தாலுகா ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தோம். அளக்க ஆள் வரும் என்றார்கள். அவர்கள் வரும்வரை மழை காத்திருக்காது, நனைந்தால் சாமை முளைத்துவிடும். கீழ்நாட்டுக்காரர் களத்துப் பக்கம் காரில் வந்து இறங்கியதும் அப்பாவோடு நேரே அவரிடமே போனேன்.

"கோவிச்சுக்காதீங்க. வேலி இருந்தாத்தானுங்க இடத்துக்கு மதிப்பு. ரெண்டு வருசம் பாருங்க, இந்த இடமே டவுன் மாதிரி ஆயிருமுங்க" என்றார் அவர்.

இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்றுதானா ஜெர்மனியிலிருந்து வந்தேன்! "டவுன் வர்றதுக்கு முன்னாடி வேலிதான் வருமுங்க. அந்த வார்த்தையே அப்படித்தான் பொறந்துச்சு. எங்களுக்கு ரெண்டும் வேண்டாம், களம் வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஏனுங்க, உங்கப்பாதானுங்க முன்னால நின்னு கட்டிக் குடுத்தாரு?"

நாலு பாஷையில் ஒரு சொல்லின் வம்சத்தைத் தெரிந்து வைத்திருந்தேன், அது இங்கே எதற்கும் உதவவில்லை. அப்பா திரும்பி வீட்டுக்கு நடந்தார். அவமானத்தில் போகிறார் என்று நினைத்தேன். கம்பி முறுக்கும் கொறடோடு திரும்பி வந்தார்.

"ஆமாங்க, நாங் கட்டுனதுதான். கூட இருந்து பொழைக்க வந்தவருன்னு ஒருநாள் கை குடுத்தேன். அடைக்கறதுக்குக் குடுக்கல. நாங் கட்டுன கட்ட நானே அவுத்துக்கறேன்."

ஒவ்வொரு முடிச்சாக, அவசரமே இல்லாமல் அவிழ்த்தார். மற்ற வீட்டு ஆட்களும் சத்தம் கேட்டு வந்தார்கள். அவரவர் கட்டிய இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கம்பியையும் வெட்டவில்லை. சுருட்டி கீழ்நாட்டுக்காரரின் காருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதைவிட என் அகராதிப் பேச்சை நினைத்து வெட்கமாக இருந்தது.

கீழ்நாட்டுக்காரர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். போலீஸுக்குப் போவேன் என்றார். ஆண்கள் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார்கள். அம்மா மட்டும் தலையில் சாமைக் கட்டோடு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மொகம் தெரியற மாதிரி எடுங்க சாமி. என்ற பேரையும் சொல்றேன், எழுதிக்கங்க. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."

சொல்லிவிட்டுப் பாறையில் ஏறிக் கட்டைப் போட்டாள்.