சோதனைக் கூடத்துக் கட்டியக்கா

சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் கட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் உடம்பில் எங்கேயோ கட்டி வந்து அறுத்துக்கொண்டவள் போலிருக்கிறது என்று நினைத்து, கூப்பிடத் தயங்குவார்கள். "சும்மா கூப்பிடுங்க. நான் செய்யுற கட்டி வேற" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவாள்.

அவள் செய்த கட்டி சிமெண்ட் கட்டி. சிமெண்டையும் சோதனைக்கென்றே சலித்து வரும் மணலையும் எடை போட்டு, அளந்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு அச்சுகளில் நிரப்புவாள். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். மூன்றாம் நாள் சில, ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில என்று எடுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைப்பாள். எந்த அழுத்தத்தில் உடைகிறதோ அதுதான் சிமெண்டின் பலம். இருபத்தெட்டாம் நாள் எண் நாற்பத்து மூன்றுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மூட்டையில் தர முத்திரை போட முடியாது. முத்திரை இல்லாத மூட்டையை எந்தக் கட்டடக்காரரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

இருபத்தொரு வருஷம் இந்த வேலை. கல்யாணமான அடுத்த வருஷம் சேர்ந்தாள். கணவர் அதே ஆலையில் மூட்டை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டினார். "நீ பாஸ் போட்டாத்தான் என் வண்டி நகரும். அப்போ வீட்லயும் நீதான் அதிகாரி, வெளியிலயும் நீதான் அதிகாரி" என்று அவர் அலுத்துக்கொள்வது வாடிக்கை. அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

முத்திரை கொடுக்கும் அமைப்பிலிருந்து நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். குவியலிலிருந்து தானே மூட்டைகளைத் தேர்ந்தெடுத்து, சிமெண்டைக் கலந்து இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி சீல் வைத்து வெளி ஆய்வகத்துக்குப் போகும். மறு பாதியைக் கட்டியக்கா சோதிப்பாள். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இத்தனை வருஷமும் சொல்லிக்கொள்ளும்படி ஏதும் நடக்கவில்லை. சில வருஷமாக ஆலையின் எண் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவந்தது. வெளி எண்ணும் நாற்பத்து மூன்றைத் தாண்டிவிடும் என்பதால் யாரும் அதைத் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் தாண்டவில்லை. கட்டியக்காவின் எண் நாற்பத்து நான்கு. வெளி ஆய்வகத்தின் எண் நாற்பத்தொன்றரை.

தபாலைப் பிரித்த தர அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. முப்பது வயதுகூட ஆகாத பெண். பொறுப்புக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மணல் சரி. தராசு சரி. தொட்டித் தண்ணீரின் சூடு சரி. அச்சுகளைக் கருவி வைத்து அளந்தார்கள், மயிரிழைகூடப் பிசகவில்லை. அழுத்தும் இயந்திரத்துக்குப் போன மாதம்தான் சான்று வாங்கியிருந்தார்கள்.

ஆலை மேலாளர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே சோதனைக் கூடத்துக்கு இறங்கி வந்தார்.

"நம்ம பக்கம் எல்லாம் சரின்னா தப்பு அவங்க பக்கம்தானே? மேல்முறையீடு போடலாம். அம்மா இருபத்தொரு வருஷமா செய்யுறாங்க, அவங்க கையில தப்பு வருமா?" என்றார்.

கட்டியக்காவுக்கு அது இதமாகத்தான் இருந்தது. "வராது சார்" என்றாள்.

மேல்முறையீட்டோடு இணைக்க, சோதனையின் ஒவ்வொரு கட்டத்தையும் தர அதிகாரி கைபேசியில் படம் பிடித்தாள். பிசைவது, நிரப்புவது, உடைப்பது எல்லாம். "அக்கா, சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க. வீட்ல காட்டுங்க" என்று சொல்லி அவளுக்கும் அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை கணவரின் லாரி ஊர்ப் பக்கம் போவதாக இருந்ததால் அவளும் அதிலேயே ஏறிக்கொண்டாள். எடை மேடைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. பொழுது போக வேண்டுமே என்று படத்தைப் போட்டுக் காட்டினாள். பிசைவதைப் பார்த்துக் கணவர் கொட்டாவி விட்டார். உடைக்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இயந்திரத்தில் அழுத்தத்தை ஏற்றும் திருகை அவள் திருப்ப, அளவு காட்டும் முள் சரசரவென்று ஏறி, கட்டி பட்டென்று வெடித்தது.

"அவ்வளவுதானா? இருபத்தெட்டு நாள் ஊறப் போட்டுட்டு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிட்ட?"

அவள் சிரிக்கப் போனவள், படத்தின் கீழே ஓடிய நேரத்தைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். முள் கிளம்பியதிலிருந்து கட்டி உடைகிறவரை இருபத்தைந்து விநாடி.

விதிப்படி அழுத்தம் ஒரே சீராக, மெதுவாக ஏற வேண்டும். அப்படி ஏறினால் ஒரு கட்டி உடைய ஒன்றேகால் நிமிடம் பிடிக்கும். வேகமாக அழுத்தினால் கட்டி தன் உண்மையான பலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவது போல எண் காட்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது. ஆனால் ஆலையை இரண்டு மடங்காக விரிவாக்கிய பிறகு, ஒரு நாளைக்குப் பதினெட்டாக இருந்த கட்டிகள் நாற்பதாகிவிட்டன. நாலரை மணிக்குப் பேருந்து. கை தானாகவே வேகத்தைப் பழகிக்கொண்டது. எந்த வருஷம், எந்த மாதத்தில் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"என்னாச்சு? ஏன் பேச்சையே காணோம்?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. தலை வலிக்குது."

வீட்டுக்குப் போயும் அந்தப் படத்தை இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

மறுநாள் உடைக்க வேண்டிய இருபத்தெட்டாம் நாள் கட்டிகளில் ஆறு ஒரே கலவையில் செய்தவை. தர அதிகாரியைப் பக்கத்தில் நிற்க வைத்து, மூன்றைத் தன் வழக்கப்படி உடைத்தாள். மற்ற மூன்றைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, திருகை மெல்ல மெல்லத் திருப்பி உடைத்தாள். முதல் மூன்றின் சராசரி நாற்பத்து நான்கு சொச்சம். அடுத்த மூன்றும் நாற்பத்திரண்டைத் தொடவில்லை.

தர அதிகாரி ஆறு எண்களையும் தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, மேல்முறையீட்டுக் கடிதம் தயாரா இருக்கு. சோதனை முறைப்படி செஞ்சதுன்னு நீங்க கையெழுத்து போடணும்."

"எப்படிம்மா போடுவேன்? இப்பத்தானே பார்த்தே."

"பார்த்தேன். நான் போடச் சொல்லலை. மேல என்ன சொல்லப் போறாங்களோன்னுதான் பயமா இருக்கு."

"நானே வந்து சொல்றேன், வா."

மேலாளர் அறையில் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்; அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். மேலாளர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில்தான் பேசினார். கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. புரியுதா அம்மா?"

"புரியுது சார். அடுத்த தடவையும் வெளியில இதே எண்தானே வரும்? அப்போ என்ன சொல்லுவோம்?"

அவர் அனுப்ப வைத்திருந்த மேல்முறையீட்டுக் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

முத்திரை கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது: முத்திரை போடுவதை நிறுத்தி வைக்க வேண்டும், குறை சரிசெய்யப்பட்டு, புதிய மாதிரிகளின் இருபத்தெட்டாம் நாள் முடிவு வந்த பிறகே மறுபடி போடலாம். அரவை இயந்திரத்தைத் திறந்து பார்த்ததில் உள்ளே அரைக்கும் இரும்புக் குண்டுகள் தேய்ந்து கிடந்தன. சிமெண்ட் போதிய நைசாக அரைபடவில்லை. அவள் எண்கள் சரியாக இருந்திருந்தால் இது பல மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. கணவரும் ஓட்டமில்லாமல் வீட்டில் இருந்தார். முதல் வாரம் குழாயைச் சரிசெய்தார், கதவுக்கு எண்ணெய் போட்டார். இரண்டாம் வாரம் சரிசெய்ய ஒன்றும் இல்லாமல் அவளிடம் மூஞ்சியைக் காட்டினார்.

"டிரைவருங்க எல்லாம் என்னைத்தான் கேக்கிறாங்க. 'உங்க வீட்டம்மா வாயைத் திறக்காம இருந்திருக்கலாமே'ங்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்லயே அவ வாயை மூட முடியலை, நான் எங்க போயி மூடறதுன்னேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டு, அவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதைவிடக் கடினமாக இருந்தது கடிதம் எழுதுகிற வேலை. குறைந்த பலமுள்ள சிமெண்ட் எந்தெந்தத் தொகுதியில் போனது, யார் வாங்கினார்கள் என்று பட்டியலிட்டு ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு கட்டியக்காவும் தர அதிகாரியும் பட்டியல் போட்டார்கள். பெரும்பாலானவர்கள் தொலைபேசியில் திட்டியதோடு சரி. பேருந்து போகும் வழியில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும் ஒப்பந்தக்காரர் மட்டும் நேரிலேயே வந்துவிட்டார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்.

"யாரு இதைச் சோதிச்சது?"

தர அதிகாரி வாயெடுப்பதற்குள் கட்டியக்கா முன்னால் வந்தாள். "நான்தாங்க. வேகமா உடைச்சிட்டேன். எண் கூடிப் போச்சு."

அவர் ஒரு பெரிய அதிகாரியையோ நழுவலான பதிலையோ எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். சண்டைக்கு எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அடித்தளம் போட்டாச்சும்மா. மேல சுவரு ஏறிட்டிருக்கு. இடிக்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

"என் வாயால சொன்னா நீங்க நம்பவும் கூடாது. தளத்துலேயே துளை போட்டுத் துண்டு எடுத்துச் சோதிக்கலாம். வெளி ஆய்வகத்துல. செலவு ஆலையோடது."

அப்படியே செய்தார்கள். மூன்று இடத்தில் துளைத்து எடுத்தார்கள். முடிவு வருகிறவரை பன்னிரண்டு நாள் கட்டியக்கா பேருந்தில் போகும்போது அந்தத் தொட்டி இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை. தளம் போதுமான பலத்தோடுதான் இருந்தது; வரைபடம் போட்டவர் கொஞ்சம் தாராளமாகவே கணக்கிட்டிருந்தார். ஒப்பந்தக்காரர் தகவலைத் தொலைபேசியில் சொன்னார். நன்றி என்றும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வேறு ஆலையில்தான் சிமெண்ட் வாங்கினார்.

குண்டுகளை மாற்றி அரைத்த சிமெண்டை ஆய்வாளர் வந்து எடுத்துப் போனார். இருபத்தெட்டாம் நாள் வெளி எண் நாற்பத்தாறு. முத்திரை திரும்பி வந்தது. வாசலில் முதல் நாள் கிளம்பிய லாரிகளில் கணவரின் வண்டி நான்காவது.

கட்டியக்காவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். உடைக்கிற வேலையிலிருந்து எடுத்து, எடை போடவும் பிசையவும் மட்டும் வைத்தார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. நான்கு மாதம் கழித்து, அழுத்தத்தைத் தானே சீராக ஏற்றும் புது இயந்திரம் வந்தது. பெட்டியைப் பிரித்து நிறுத்திய அன்று தர அதிகாரி அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுக்கு ஆள் போடணும். வர்றீங்களா?"

"திருகே இல்லையே இதுல. நான் என்ன செய்யணும்?"

"கட்டியை வைக்கணும், பொத்தானை அமுக்கணும், காத்திருக்கணும்."

"காத்திருக்கிறதா?" என்றாள் கட்டியக்கா. "அதுதானேம்மா எனக்கு வராது." சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைய கட்டிகளை எடுத்துவரத் தொட்டிப் பக்கம் போனாள்.