லூர்தக்கா எடுத்த ஒட்டுப் போடாத படம்

போன செவ்வாய் காலை திண்டிவனத்திலிருந்து லூர்தக்காவின் மகள் தொலைபேசியில் பேசினாள். “அம்மா விடியக்காலையில போய்ட்டாங்க மாமா. யாரும் அழுதுகினு வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க,” என்றாள். அழாமல்தான் எழுதுகிறேன். அவருடைய ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட உங்களுக்கு அவருடைய சிடுசிடுப்பு நினைவிருக்கும். விழுப்புரத்தில் அதே தொழில் செய்த நான், அவர் எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழையில், அவர் பிறந்த ஊர்க் காலனியில் அவருடைய அண்ணன் இறந்தார். காலனியிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை நிலக்காரர் ஒருவர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். அங்கே பாதையே இருந்ததில்லை என்றார். உடலை ஏரித் தண்ணீரில் இடுப்பளவு இறங்கித் தூக்கிப்போனார்கள். அக்கா மனு கொடுத்தார். பாதையை மூன்று துண்டாகப் படமெடுத்து ஒட்டியும் கொடுத்தார். “இது ஒட்டினதும்மா. நடுவுல என்னா வேணா சேத்திருக்கலாம்னு அவங்க சொல்றாங்க,” என்று தாசில்தார் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலனி ஒரு ஓரத்திலும் இடுகாடு மறு ஓரத்திலும் ஒரே நெகட்டிவில் விழ வேண்டும். அவருடைய அப்பா விட்டுப்போன பெரிய மரக் கேமராவுக்கு, ஒவ்வொரு தாளாகப் போடும் தட்டைப் பிலிம் எங்கள் பக்கம் கிடைப்பது நின்றிருந்தது. கிடைத்தது ரோல் பிலிம்தான். அதைக் கேமராவின் முதுகில் பொருத்தி நீளப் படம் எடுக்க ஒரு பெட்டி வேண்டும், ‘பேக்’ என்போம். சென்னையில் பழைய கேமரா கடை ஒன்றில் நானும் அக்காவும் இரண்டு பார்த்தோம். வெளிநாட்டு பேக் அருமையாக இருந்தது; விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். மலிவானதில் படம் பாதி நீளம்கூட வராது. “கைல இருக்கற காசுக்கு ஏத்தமாதிரி வழிய சுருக்கிக்க முடியாது தம்பி,” என்று சொல்லி, அக்கா உடைந்த பெட்டிக் கேமரா இரண்டைப் பொறுக்கிக்கொண்டார்.

திண்டிவனத்து ஆசாரி ஒருவர் ஆறு அங்குல நீளத் திறப்போடு மரப்பெட்டி செய்தார். உடைந்த கேமராக்களில் பிலிம் சுருளைத் தாங்கும் பாகங்களைக் கழற்றி, அக்கா அதில் இரு பக்கமும் பொருத்தினார். பின்னால் சிவப்புக் கண்ணாடி பதித்து, பிலிம் சுருளின் முதுகுத் தாளில் அச்சிட்ட எண்களை அதன் வழியே ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்துச் சுற்றினார். ஒரு சுருளுக்கு நான்கு படம். முதல் சுருளில் பிலிம் புடைத்து நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருந்தது. “உட்டுடுங்கக்கா,” என்றேன். அந்த நிலக்காரர் எனக்கு மாமன் முறை. அந்த உறவுதான் என் வாயில் பேசியது. “படம்தான் போச்சு, வழி போவல,” என்றார். பிலிமை அழுத்தத் தகரத் தட்டு வைத்தார். இடுக்கெல்லாம் கறுப்பு வெல்வெட் ஒட்டினார்.

அகலமாகப் பார்க்கும் லென்ஸ் என்னிடம்தான் இருந்தது. மறுக்க வழியில்லாமல் எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரைமேல் கேமராவை நிறுத்தியதும் மாமா இரண்டு ஆட்களோடு வந்து பாதையின் நடுவில் நின்றுகொண்டார்.

“மாப்ள, நீயுமா? இன்னிக்கி பூரா இங்கதான் நிப்பேன். அவ எப்பிடி எடுக்கறான்னு பாக்கறேன்.”

நான் முக்காலியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து அக்கா தலையை வெளியே எடுத்தார். “நல்லா நில்லுங்க. மூணு பேரும் அகலமா நில்லுங்க. வழி எம்மாம் அகலம்னு தெரியணும் இல்ல,” என்றார். நான்கு படமும் அவசரமில்லாமல் எடுத்தார்.

விசாரணையில் தாசில்தார் ஒட்டில்லாத அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “வழியே இல்லைன்றீங்க. அப்ப எதுமேல நிக்கறீங்க?” என்று மாமாவைக் கேட்டார். அடுத்த மாதம் முள்ளை அகற்றினார்கள். பாதை பதிவேட்டில் ஏறியது. நிலக்காரக் குடும்பங்கள் கல்யாணங்களுக்கு அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்தின. மன்னிப்புக் கேட்டால் போதும் என்று தூது வந்தது. “அவங்க கூப்ட்டாலும் நான் வரணுமே,” என்று சொல்லி அனுப்பினார்.

லென்ஸைத் துடைத்துத் திருப்பித் தந்தபோது அவரிடம் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தேன். “நன்றி சொல்ல மாட்டேன் தம்பி. அது எங்க வழி. நீ குறுக்க நிக்காம இருந்த, அவ்ளோதான்,” என்றார். பல நாள் அது உறுத்தியது. உபகாரம் செய்தவன் என்ற பெயரைக் கடைசிவரை அவர் எனக்குத் தரவில்லை. அந்த மறுப்பைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கோ உதவிவிட்டதாக என் நெஞ்சு நிமிரும்போதெல்லாம் அது என் தலையில் குட்டட்டும்.