பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க

காலையில் அக்குறணை ஸித்தி ராத்தா அழைத்தார். அவரது மசாலாக் கடையின் இணையத்தளமும் மெயிலும் எங்கள் சேர்வரில்தான் இருக்கின்றன.

"தம்பி, வேலைய விட்டுப் போன பொடியன்ட மெயில அழிக்கப் போய், அவர்ட மெயில அழிச்சிட்டேன்."

அவர் என்றால், போன நோன்புக்கு முன் மௌத்தான கணவர்.

தேடினேன். பெக்கப் பிரதியோடு சேர்ந்தே போயிருந்தது.

வாடிக்கையாளர்கள் தங்கள் மெயிலையும் தளத்தையும் தாங்களே பார்த்துக்கொள்ள நாங்களே எழுதிய பழைய பெனலில் எதை அழிக்கப் போனாலும், "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க, அப்பவும் வேணாம்னா அழிப்போம்" என்று தமிழில் சொல்லும். அரை மணி நேரம் கழித்துத்தான் பொத்தான் வேலை செய்யும். நம் ஆட்களின் அவசரம் தெரிந்து எழுதியது.

போன மாதம் அதைக் கைவிட்டு, ஊரெல்லாம் பாவிக்கும் பெனலை வாங்கினோம். இது ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கும். ஓகே அமத்தினால் முடிந்தது.

"பழையது தேத்தண்ணி குடிக்கச் சொல்லுமே, தம்பி."

அந்த மெயிலில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"எனக்கு எழுதினது ஒண்ணுமில்ல. ஓடர் கேட்டவங்களுக்கு எழுதின பதில்தான். ஆனா வாசிச்சா, அவர் பேசுற மாதிரியே ஈக்கும்."

பழைய பெனலில் மிஞ்சியிருப்பது எங்கள் சொந்தக் கணக்கு மட்டும். இன்று அதையும் அழிக்க வேண்டும். போனேன். பிளேன்டீ குடிக்கச் சொன்னது.

இது மூன்றாவது கோப்பை. கண்டியில் இருப்பவர்கள் யாராவது வாங்க, நாலாவதைச் சேர்ந்து குடிப்போம்.